4 கேபியில எப்படி நிலாவுக்குப் போனான், மாப்ள?

இன்றைக்கு ஒரு கல்யாணப் பந்தி. இலையில் அப்போதுதான் சாம்பார் விழுந்திருக்கிறது. பக்கத்து இலை மாமா (உறவு ரொம்ப தூரம், குரல் ரொம்பப் பக்கம்) முழங்கையால் இடித்து ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ள, நீ கம்ப்யூட்டர்காரன்தானே? வெறும் 4 கேபி மெமரியை வச்சுக்கிட்டு எப்படிடா அமெரிக்காக்காரன் 1969-ல நிலாவுக்குப் போனான்? எல்லாம் டூப்பு!"

உங்களுக்கும் இப்படி ஒரு மாமா இருப்பார். இல்லையென்றால் நீங்கள்தான் அந்த மாமா.

கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிர்வரிசையைப் பார்த்தார். "என் பையில இருக்கிற போன் அதைவிட லட்சம் மடங்கு பவரு. இதுலயே மண்டபத்து வாசலைத் தாண்டினா சிக்னல் இல்ல. அவன் நிலாவுல இருந்து பேசினானாம்!" நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர் அப்பளத்தை நொறுக்கி ஆமோதித்தார்.

தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்திருக்கலாம். விதி, வாயைத் திறந்தேன்.

"மாமா, 4 கேபிங்கிறது பாதிக் கதை. அது கணக்குப் போடும் சிலேட்டு மாதிரி, எழுதி எழுதி அழிக்கிற இடம். புரோகிராம் இருந்தது வேற இடத்துல, அது ஒரு 72 கேபி. மாசசூசெட்ஸ்ல வால்தம்னு ஒரு ஊர். அங்க தொழிற்சாலையில பெண்கள் உட்கார்ந்து, குட்டிக் குட்டிக் காந்த வளையங்கள்ல கம்பியைக் கோத்தாங்க. வளையத்துக்குள்ள போனா ஒன்று, வெளியே போனா பூஜ்யம்."

"பொம்பளைங்க கூடை முடையற மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

நான் செய்த தப்பு அதுதான். மொத்த வரிசையும் குலுங்கியது. கூடை முடைந்து நிலாவுக்குப் போனானாம்! அந்தக் கூடையை ஒருமுறை முடைந்துவிட்டால் மாற்ற முடியாது, அதனால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலை ஆய்வகத்தில் அந்தப் புரோகிராமை எழுதிய மார்கரெட் ஹாமில்டனும் அவர் குழுவும் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே சரிபார்த்துத் தீர வேண்டியிருந்தது என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? நாங்களெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரோகிராமை அனுப்பிவிட்டு சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கிற ஜாதி. அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும், அப்பளக்காரருக்குத் தெரியுமா?

விடவில்லை நான். வழி கணக்கிடும் பெரிய வேலையெல்லாம் ஹூஸ்டனில், நாசாவின் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்த பெரிய ஐபிஎம் கணினிகள் செய்தன என்றேன். கலத்தில் இருந்ததற்கு ரீல்ஸ் கிடையாது, கேமரா கிடையாது, கலத்தை ஓட்டுவது ஒன்றுதான் பிழைப்பு என்றேன். அப்புறம் ஆவேசத்தில் 1202 அலாரத்துக்குப் போய்விட்டேன்.

1969 ஜூலை 20. அப்பல்லோ 11 நிலாவில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கணினி அலறுகிறது: 1202, அதாவது வேலை தாங்கவில்லை. தாய்க்கலத்தைத் தேடும் ரேடார், அந்த நேரத்தில் தேவையே இல்லாத சிக்னலை அனுப்பி அதன் நேரத்தைத் தின்கிறது. கணினி என்ன செய்தது? அவசரமில்லாத வேலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மறுபடி தொடங்கி, இறக்குவதை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டது. கீழே ஹூஸ்டனில் வழிகாட்டல் அதிகாரி ஸ்டீவ் பேல்ஸ், வயது 26, 'தொடரலாம்' என்றார். டார்ச்சையும் மேப்பையும் சேர்த்துப் போட்டால் மயங்கி விழுகிற போனை வைத்துக்கொண்டு நாம் அதைக் கிண்டல் செய்கிறோம்!

இதை நான் கையை ஆட்டி, சாம்பார் தெறிக்கச் சொல்லி முடித்ததும் மாமா சொன்னது: "அலாரம் அடிச்சுதா? பாத்தியா, அவனே ஒத்துக்கிறான்!"

ரசவாளி தாண்டிப் போனது. "ரசம்?" என்று கேட்டபோது நான் ஸ்டீவ் பேல்ஸில் இருந்தேன்.

காற்றில்லாத நிலாவில் கொடி ஏன் ஆடியது, படத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை என்றெல்லாம் வரிசையாக வந்தது. கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி, வெயிலில் எடுத்த படத்தில் மங்கலான நட்சத்திரம் விழாது, போதும். நான் கண்ணாடிக்குப் போனேன். அப்பல்லோ 11, 14, 15 மூன்றும் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் இன்றைக்கும் லேசர் அடித்தால் இரண்டரை நொடியில் திரும்பி வருகிறதே?

"அதை மிஷினே கொண்டுபோய் வச்சிருக்கலாம்ல?"

உண்மையில் இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சோவியத்தின் லூனகோட் வண்டிகள் ஆள் இல்லாமலே கண்ணாடி கொண்டுபோயின. ஆனால் அதை நான் மாமாவிடம் சொல்வேனா? "அப்ப அப்பல்லோ கொண்டுவந்த 382 கிலோ கல்லு?" என்றேன். சோவியத் இயந்திரங்கள் மூன்று முறை போய் அள்ளிவந்த மண் எல்லாம் சேர்த்தாலும் அரைக்கிலோ தேறவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே இருந்த அதே வேளையில் அவர்களுடைய ஆளில்லாக் கலம் லூனா 15 மேலே சுற்றிக்கொண்டிருந்தது, மறுநாள் விழுந்து நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி இரண்டு கலங்களையும் ஒட்டுக்கேட்டது. பொய்யாக இருந்தால் நிலாப் போட்டியில் தோற்றவன் சும்மா இருப்பானா? நம் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

நல்லவேளை, அப்பல்லோ 11-இன் மூல ஒளிப்பதிவு நாடாக்களை நாசாவே அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது மாமாவுக்குத் தெரியாது. கல்யாண கேசட்டில் கிரிக்கெட்டைப் பதிந்த அப்பாக்கள் மாதிரி. தொலைக்காட்சியில் வந்த பிரதிகள் பிழைத்தன என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அறுபதாம் கல்யாணம் ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தேன். இன்று காலை மாமா அனுப்பிய காலை வணக்கம், ரோஜாப்பூவோடு, 3 எம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு ரோஜாவுக்குள் கிட்டத்தட்ட நாற்பது அப்பல்லோ கணினிகளின் மொத்த நினைவகம் அடங்கும். சிரிப்புதான் வந்தது.

அது போகட்டும். பந்தியில் ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, நீங்களெல்லாம் யார்? லூனா 15 விழுவதற்கு முன்பே ஒருவர் வந்து நின்றுவிட்டார், அவர் மூச்சு என் பிடரியில். பாயசம் வருவதற்குள் மேஜைப் பேப்பரோடு சேர்த்து என் இலையையும் சுருட்டிவிட்டார்கள். மாமாவுக்குப் பாயசம் கிடைத்தது. இரண்டு தடவை.