எலிக்காய்ச்சல் குளிசை கூலிப் பெண்களுக்கும் போய்ச் சேரட்டும்
வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை இலவசமாகக் கிடைப்பதால் பயமில்லை என்று இங்கே வந்த கட்டுரை சொல்கிறது. கிடைப்பது உண்மை, ஆனால் யாருக்கு? கிளிநொச்சியில் பரந்தன் பக்கம் எங்கள் ஊரில் பெயர்ப்பட்டியல் கமக்கார அமைப்பு வழியாகத்தான் போனது. சொந்தக் காணி இல்லாமல் இன்று ஒரு வயல், நாளை இன்னொரு வயல் என்று களை பிடுங்கப் போகும் பெண்களின் பெயர் அதில் இல்லை. சேற்றில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான். போன காலபோக நெற்செய்கையில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன். விடிய ஐந்து மணிக்கு வெறும் தேத்தண்ணியோடு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறுகிறவர் அவர். கிழமைக்கு ஒருமுறை போட வேண்டிய இரண்டு குளிசையையும் வெறும் வயிற்றில் போட்டு வரம்பிலேயே சத்தி எடுத்தார், அடுத்த கிழமை தொடவே இல்லை. சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், கர்ப்பிணிகள் போடக்கூடாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் சப்பாத்துப் போட்டால் போதும் என்கிறார். நாற்று நிற்கும் சேற்றில் சப்பாத்து புதைந்து கால் மட்டும்தான் வெளியே வரும். அக்காவின் குதிக்காலில் விரல் நுனி போகிற அளவுக்கு வெடிப்பு, எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து கிருமி புக அதுவே போதும். 2024 டிசம்பரில் மழை வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சலால் உயிர்கள் போனதைப் பார்த்தோம். ஒரு நாள் கூலி போய்விடும் என்று காய்ச்சலோடும் பனடோல் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் இவர்கள். ஆகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விதைப்புக்கு முன்பே, கூலி ஆட்கள் வாகனம் ஏறும் சந்திக்கு வந்து பெயர் எழுதலாமே.