மணலுக்கு வந்தவர்கள் கட்டும் வரி, மணலுக்குத்தானே முதலில் போக வேண்டும்?

ஃபுளோரிடாவின் இந்தியன் ராக்ஸ் பீச்சில் மூன்று இரவு தங்கினோம். அறை வாடகை 750 டாலர், விற்பனை வரி 52.50. அதற்குக் கீழே தனியாக இன்னொரு 45 டாலர். பக்கத்து டாம்பாவில் இத்தனை வருஷம் இருந்தும் அந்த 45 என்னவென்று இந்த முறைதான் உட்கார்ந்து பார்த்தேன். ‘பெட் டாக்ஸ்’ என்கிறார்கள். ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ வாடகைக்குத் தங்குகிறவர்களிடம் பினெல்லாஸ் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி, இந்த ஊர் அதில்தான் இருக்கிறது) வாங்கும் 6 சதவீத வரி. 1977-இல் வந்த மாநிலச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. வசூலை விளம்பரத்துக்குச் செலவழிக்கலாம், மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம் கட்டலாம், அரித்துப்போன கடற்கரையில் மணலும் கொட்டலாம்.

இந்த ‘லாம்’களில்தான் எனக்குச் சிக்கல்.

2024 ஜூலையில், கவுன்ட்டியை நடத்தும் கமிஷனர்கள் 5-2 என்று ஓட்டுப் போட்டு, டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணியின் புது மைதானத்துக்கு இந்த வரியிலிருந்து 31.25 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். மொத்தத் திட்டம் 130 கோடி. செப்டம்பர் 26 ராத்திரி ஹெலீன் புயல். கரையைத் தொட்டது வடக்கே எங்கேயோ, ஆனால் கடல் பொங்கி இங்கே தீவு ஊர்களின் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கரையில் இருக்க வேண்டிய மணல் தெருவில் குவிந்து கிடந்தது. அதற்கு முந்தைய வருஷம் இடாலியா புயல் அடித்த பிறகு கவுன்ட்டி தன் காசில் எழுப்பிய மணல்மேடுகளும் சேர்ந்து போயின. இரண்டே வாரத்தில் மில்டன் வந்து அந்த அணியின் பழைய மைதானத்துக் கூரையையும் கிழித்துப் போட்டது. புது மைதானத்துக்குக் கடன் வாங்கும் பத்திரங்களுக்கான ஓட்டெடுப்பைக் கமிஷனர்கள் இரண்டு முறை தள்ளிவைத்து, டிசம்பரில் சரி என்றார்கள். 2025 மார்ச்சில் அணி தானாகவே விலகிக்கொண்டது. எனக்கு பேஸ்பால் புரியாது, அதனால் பெரிய வருத்தமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மைதானப் பணம் தப்பியது அணி போனதால். ‘முதலில் மணல்’ என்று யாரும் முடிவெடுத்ததால் அல்ல.

மணலுக்குப் பெரும் பங்கு மத்திய அரசு தந்துகொண்டிருந்தது உண்மை. ராணுவப் பொறியாளர் படை சில வருஷத்துக்கு ஒருமுறை மணல் கொட்டும். இந்தியன் ராக்ஸ் பீச் இருக்கும் சாண்ட் கீ தீவில் கடைசியாகக் கொட்டியது 2018-இல். அதன் பிறகு, கரையோர வீட்டுக்காரர்கள் எல்லாரும் தங்கள் நிலத்தைப் பயன்படுத்த நிரந்தர அனுமதி தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்று படை பிடிவாதமாக நின்றது. ஏறக்குறைய பாதிப் பேர் போடவில்லை. போட்டால் தங்கள் வீட்டு முற்றத்தில் ஊர் ஜனமெல்லாம் துண்டு விரித்துப் படுக்கும் என்ற பயம். கடைசியில் கவுன்ட்டியே, பெரும்பாலும் இந்த பெட் டாக்ஸை வைத்து, 12.5 கோடி டாலருக்கும் மேல் போட்டு 2025-இல் வேலையை ஆரம்பித்தது. நிரந்தர அனுமதிக்குப் பதில் தற்காலிக அனுமதி போதும் என்றார்கள். நல்ல முடிவு. ஆனால் மைதானத்துக்கு எடுத்து வைத்த தொகை இதைப்போல இரண்டரை மடங்கு! மைதானக் கடனைப் பல வருஷம் அடைப்பார்கள், இரண்டும் ஒரே கணக்கல்ல என்பது தெரியும். இருந்தாலும் உறுத்துகிறது.

“கொட்டுவதும் கடல் கொண்டுபோவதும், இது கடலில் கரைத்த பெருங்காயம்தானே?” என்று நண்பர் கேட்டார். கடல் கொண்டுபோகத்தான் அந்த மணல். அலை அதைத் தின்கிற நேரத்தில் வீட்டுச் சுவரைத் தின்னாது. அப்புறம், பயணிகள் இங்கே வருவதே அந்த வெள்ளை மணலுக்காக. விளம்பரப் படத்தில் இருப்பதும் அதுதான்.

தெற்கே லீ கவுன்ட்டியில் பெட் டாக்ஸ் 5 சதவீதம். வசூலை எப்படிப் பிரிப்பது என்று பல வருஷமாக எழுதியே வைத்திருக்கிறார்கள்: 53.6 சதவீதம் விளம்பரத்துக்கு, 26.4 கடற்கரைக்கு, 20 மைதானக் கடனுக்கு. அங்கேயும் மைதானம் உண்டு, விளம்பரத்துக்குத்தான் பாதிக்கு மேல் போகிறது. அதை நான் புகழவில்லை. ஆனால் 2022-இல் இயான் புயல் ஃபோர்ட் மயர்ஸ் பீச்சைத் துடைத்துப் போட்டபோது, கரைக்கு என்று ஒரு பங்கு யாரும் கை வைக்காதபடி இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் ஆட்கள். கடலில் போடுவதற்கும் அளவு முன்கூட்டியே இருக்கட்டுமே. பினெல்லாஸில் 6-இல் ஒன்றாவது, அதாவது நான் கட்டிய 45 டாலரில் ஏழரை டாலராவது, கரைக்கு மட்டும் என்று சட்டத்தில் எழுதிவிடலாம்.

வீட்டுக்காரர்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. கையெழுத்துப் போடாத வீட்டின் முன்னால் புது மணலை, வீட்டு நிலத்தையும் பொதுக் கரையையும் பிரிக்கும் கோட்டுக்குக் கடல் பக்கமாகவே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் நடந்து போனால் கரை மேடாக வந்துகொண்டே இருக்கிறது, திடீரென்று ஒரு வீட்டின் முன்னால் பள்ளம், மறுபடி மேடு. அடுத்த புயலில் தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகத்தான் உள்ளே வரும். அது கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் வரும்.