டேபிளில் இருக்கு, ஆனா ஊரில் இல்லை

நேற்று ஒரு தம்பி நெட்வொர்க்கின் நடுவில் இருக்கும் கோர் ரூட்டரின் ரூட்டிங் டேபிளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "அண்ணா, ரூட் இருக்கு, பிங் போகலை, ஃபயர்வால் பிரச்சினைதானே?" என்று கேட்டிருந்தான். சிரிப்பு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு நைட் ஷிப்டில் இதே வாக்கியத்தைச் சொல்லி ஃபயர்வால் டீமை இரண்டு மணி நேரம் தூங்கவிடாமல் செய்தவன் நான்.

ஒரு கிளை அலுவலகத்தின் 10.20.6.0/24 (10.20.6 என்று தொடங்கும் முகவரிகள்) வரவில்லை என்று டிக்கெட். கோரில் பார்த்தால் ஈஐஜிஆர்பி (ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) வழியாக 10.20.4.0/22 என்ற சம்மரி ரூட், அதாவது பல வழிகளைச் சுருக்கிய ஒற்றை வரி, ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அந்த /22-க்குள் 10.20-க்கு அடுத்த எண் 4, 5, 6, 7 என்று வரும் நான்கு /24-களும் அடக்கம். சரி, ரூட்டிங்கில் தப்பில்லை என்று டிக்கெட்டைத் தள்ளிவிட்டேன். பிங்கில் வந்ததோ யூ, புள்ளி, யூ, புள்ளி. புள்ளி என்றால் பதிலே வரவில்லை; யூ என்றால் நடுவில் ஏதோ ஒரு ரூட்டர் "இதுக்கு மேல வழியில்லை" என்று வாய் திறந்து சொல்கிறது. பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிற ஃபயர்வால் அப்படிச் சொல்லாது. கண்ணெதிரே இருந்தும் நான் கவனிக்கவில்லை.

கடைசியில், பாக்கெட் எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால், கோருக்கும் கிளைகளுக்கும் நடுவில் இருக்கும் மண்டல ரூட்டரோடு நின்றது. அதற்குள் போய் "ஷோ ஐபி ரூட் 10.20.6.10" அடித்தேன். அதே /22 தான், ஆனால் கோரில் 90 என்று தெரிந்த டிஸ்டன்ஸ் (அந்த வழியை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) இங்கே 5, அதாவது இந்த ரூட்டரே உருவாக்கிய சம்மரி; போகும் இடம் நல் ஜீரோ, பாக்கெட்டைத் தூக்கிப்போடும் குப்பைத்தொட்டி. கீழே 4, 5, 7 மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன, 6 மட்டும் விழுந்த பல் மாதிரி காணோம். பகலில் கிளையில் ரூட்டர் மாற்றியவர்கள் லேனை (கிளையின் உள் நெட்வொர்க்கை) ஈஐஜிஆர்பியில் சேர்க்கும் நெட்வொர்க் வரியைப் போட மறந்திருந்தார்கள். லிங்க் அப், நெய்பர் (பக்கத்து ரூட்டருடனான உறவு) அப், மானிட்டரில் எல்லாம் பச்சை.

சம்மரி ரூட் என்பது இன்னொரு ரூட்டர் கொடுக்கிற வாக்கு, அவ்வளவுதான். உள்ளே நான்கில் ஒன்று உயிரோடு இருந்தால்கூட /22 முழுசாக வெளியே போகும். பின்கோடு 6-ல் ஆரம்பித்தால் டெல்லியில் கடிதத்தைத் தெற்கே அனுப்பிவிடுவார்கள், அந்தத் தெரு இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ள உள்ளூர் தபால்காரரைத்தான் கேட்க வேண்டும்.

பாவம், நல் ஜீரோவைத் திட்டாதீர்கள். தமிழில் எழுதினால் பேரிலேயே 'நல்' இருக்கிறது, செய்வதும் நல்ல காரியம்தான். அது இல்லையென்றால், மண்டல ரூட்டரின் டிஃபால்ட் ரூட் கோரைக் காட்ட, கோரின் சம்மரி மண்டலத்தைக் காட்ட, டிடிஎல் (பாக்கெட்டின் ஆயுள் கணக்கு) தீரும்வரை பாக்கெட் பந்து மாதிரி போய்வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு வரியும் புதியவர்களை ஏமாற்றும். "10.0.0.0/8 இஸ் வேரியப்ளி சப்நெட்டட்" என்று டேபிளில் வருகிறதே, அது ரூட்டே இல்லை, கீழே இருப்பவற்றுக்கான தலைப்பு. அதைக் காட்டி "/8 இருக்கே சார்" என்று வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு ரூட்டிங் முறையில் குழப்பம் வேறு மாதிரி. அதில் நெட்வொர்க்கை ஏரியா என்று பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒரு ஏரியாவின் வழிகளை இன்னொன்றுக்குச் சொல்லும் டைப் 3 எல்எஸ்ஏ என்ற செய்திக்கு 'சம்மரி' என்று பேர் வைத்துவிட்டார்கள், ஆனால் ஏரியாக்களின் எல்லையில் நிற்கும் ஏபிஆர் ரூட்டரில் 'ஏரியா ரேஞ்ச்' கமாண்டைப் போடாதவரை அது எதையும் சுருக்குவதில்லை, ஒவ்வொரு சப்நெட்டையும் அப்படியே அடுத்த ஏரியாவுக்குக் கடத்துகிறது.

"ட்ரபிள்ஷூட் பண்ணும்போது சம்மரியை எடுத்துட்டுப் பாரு" என்று சில சீனியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் சுத்தமாக உடன்பாடில்லை. சிஸ்கோ ரூட்டர்களின் பழைய ஐஓஎஸ்ஸில் ஈஐஜிஆர்பியின் சம்மரி கமாண்டைத் தொட்டாலே அந்த இன்டர்ஃபேஸில் நெய்பர் உறவு ஒருமுறை அறுந்து திரும்ப வரும். போதாக்குறைக்கு, எங்கோ ஒரு கிளை லிங்க் ஆடினால் அதன் க்வெரி ("வேறு வழி இருக்கா?" என்று ரூட்டர்கள் கேட்கும் கேள்வி) கோர் வரை ஏறாமல் அதுவரை தடுத்துக்கொண்டிருந்ததும் அந்தச் சம்மரிதான். ஒரு கிளையைத் தேடப் போய் மண்டலத்தையே ஆட்டிவைப்பானேன்?

இன்டர்வியூவில் நான்கு /24-ஐக் கொடுத்து பைனரியில் சுருக்கச் சொல்கிறார்கள். எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். சுருக்கிய வரியைக் கொடுத்து, இதை வைத்து எதையெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

தம்பிக்கு இவ்வளவும் எழுதவில்லை. "ட்ரேஸ் எந்த ரூட்டரில் நிக்குது? அந்த ரூட்டரோட டேபிளை அனுப்பு" என்று மட்டும் போட்டேன். பத்து நிமிஷத்தில் நல் ஜீரோவைச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினான்.