லண்டன் குளோப் அரங்கம் 400 ஆண்டு பழையதா?

'ஷேக்ஸ்பியர் நடித்த அதே அரங்கம், 400 ஆண்டுகளாக ஒரு மரம்கூட மாறாமல் நிற்கிறது' என்று தேம்ஸ் கரையோர வட்டக் கட்டடம் ஒன்றின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. படம் சரி, செய்தி தவறு.

படத்தில் இருப்பது 1997-இல் திறக்கப்பட்ட மறுகட்டுமானம். கூரை உச்சியை உற்றுப் பாருங்கள், தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். இந்த மறுகட்டுமானத்துக்காகப் பல ஆண்டுகள் அலைந்த அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர், பாவம், 1993-இலேயே இறந்துவிட்டார்.

அசல் குளோப் எழுந்தது 1599-இல். லண்டனின் ஷோர்டிச் பகுதியில் இருந்த பழைய அரங்கைப் பிரித்து, அந்த மரங்களை ஆற்றுக்குத் தென்கரைக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். 1613 ஜூன் 29 அன்று 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில் பீரங்கி முழங்கியபோது கூரை வேய்ந்திருந்த புல்லில் பொறி பற்றியது. சுமார் ஒரு மணி நேரத்தில் எல்லாம் சாம்பல். ஒருவருடைய காற்சட்டையில் பிடித்த தீயை பீர் ஊற்றி அணைத்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. அடுத்த ஆண்டே ஓட்டுக் கூரையோடு மறுபடி கட்டினார்கள். 1642-இல் நாடகங்களுக்குத் தடை வந்தது. அப்புறம் அதையும் இடித்துவிட்டார்கள்.

அசல் அடித்தளத்தின் ஒரு பகுதி 1989-இல் பார்க் தெருவில் கிடைத்தது. இன்றைய அரங்கம் அங்கிருந்து ஏறக்குறைய 230 மீட்டர் தள்ளி இருக்கிறது. குளோப் அரங்கத்தின் இணையதளத்திலேயே இந்த வரலாற்றைப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.