ஹோம் அலோன்ல எல்விஸ் பிரெஸ்லியா? இல்லங்க

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் சாகவே இல்ல, 1990ல வந்த ஹோம் அலோன்ங்கிற ஹாலிவுட் படத்துல ஏர்போர்ட் சீன்ல நிக்கிறாருன்னு ஒரு வீடியோ திரும்ப சுத்துது. படத்துல வர்ற பையன் கெவினோட அம்மா கவுண்டர்ல கத்துறப்ப பின்னாடி தாடியோட ஒருத்தர் தலைய ஆட்டிட்டு நிப்பாரே, அவரத்தான் வட்டம் போட்டு காட்டுறாங்க. அவரு ஒரு சாதாரண எக்ஸ்ட்ரா நடிகர். டிவிடி கமெண்ட்ரில டைரக்டர் கிறிஸ் கொலம்பஸும் கெவினா நடிச்ச மெக்காலே கல்கினும் இந்த கதைய சொல்லி சிரிக்கிறாங்க, கேட்டுப் பாருங்க. எல்விஸ் 1956ல இருந்து 1969 வரைக்கும் 31 படம் நடிச்சாரு, அப்புறம் ரெண்டு டாக்குமெண்டரி, 1977 ஆகஸ்ட் 16 மெம்ஃபிஸ்ல இறந்துட்டாரு. ஃபார்வர்ட் பண்ணாம டெலீட் பண்ணிடுங்க ப்ளீஸ்.