நாலு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒன்று போதும்

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் முடிந்தவரை பல ஆய்வுக்கூடங்களில் வேலை செய்து பாருங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. அமெரிக்கப் பிஎச்டி விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 3 பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். நாலு இடத்தில் சில வாரங்கள் மட்டும் இருந்தவரைப் பற்றி ஒரு பேராசிரியர் என்னதான் எழுத முடியும்? நேரத்துக்கு வந்தார், ஒழுங்காக இருந்தார், அவ்வளவுதான். ஒரே கூடத்தில் ஒரு வருடம் இருந்து, டிஎன்ஏவைப் பலமடங்காகப் பெருக்கும் பிசிஆர் சோதனையில், ஜெல்லில் டிஎன்ஏ பட்டை விழாதபோது கோளாறு பிரைமர் என்ற தொடக்க டிஎன்ஏ துண்டிலா, வெப்பநிலையிலா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவர் என்றால் ஒரு பக்கம் தாராளமாக எழுதலாம்.

பினாங்கில் யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பான என்எஸ்எஃப் உதவித்தொகை தரும் ஆர்இயு என்ற, இளங்கலை மாணவர்களுக்கான கோடை ஆய்வுத் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். இறுதியாண்டு ஆய்வைப் பற்றி முன்கூட்டியே பேராசிரியரிடம் பேசி வையுங்கள். பிஎச்டி விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் வந்துவிடும், அதற்குள் சொல்லிக்கொள்ள ஏதாவது ஓர் ஆய்வு முடிவு கையில் இருக்க வேண்டும். அப்புறம், சேரும் முன் அந்தக் கூடத்தில் முதுகலை செய்யும் அண்ணன், அக்காக்களிடம் விசாரியுங்கள்: பேராசிரியர் வாரா வாரம் உட்கார்ந்து பேசுவாரா? உழைத்த இளங்கலை மாணவர் பெயரையும் ஆய்வுக் கட்டுரையில் சேர்ப்பாரா?