வரிக்கணக்கு மட்டும்தானா?

புள்ளியியலையும் சராசரியையும் பற்றிய ஒரு கட்டுரையில், புள்ளியியல் அரசுகளின் வரிக்கணக்கிலிருந்து பிறந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதி உண்மை. 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் அரசைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் 1662-இல் லண்டன் துணி வணிகர் ஜான் கிரான்ட், வாராந்தரச் சாவுப் பட்டியல்களையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் கூட்டிப் பார்த்து, ஆண் குழந்தைகளே சற்று அதிகமாகப் பிறக்கின்றன என்று காட்டியபோதுதான் எண்ணிக்கை அறிவாயிற்று என்பேன். (புள்ளியியல் என்ற நம் சொல்லில் உள்ள 'புள்ளி'யும் பழையதே: செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கோயில் கணக்கில் மணமான குடும்பம் ஒரு புள்ளி.) கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் குறிப்பவன் நான். அதில் கண்டது இது: மாத மொத்தம் ஒன்றாகவே இருந்தாலும், இருபது நாள் தூறினால் கொழுந்து வரும், ஒரே இரவில் கொட்டினால் சரிவே மண்ணோடு இறங்கிவிடும். சராசரியைப் பற்றி இவ்வளவு எழுதியவர், எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் பரவலுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.